தினமும் ஒரு மணி நேரம் நடந்தால் எலும்புக்குப் போதுமா?

கேள்வி இது: “எனக்கு வயது 51. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பின் டி ஸ்கோர் மைனஸ் 1.9, இடுப்பில் மைனஸ் 1.6. தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். இது போதுமா? அம்மாவுக்கு 76 வயது, போன வருடம் கால் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மகளுக்கு 12 வயது. அவர்கள் இருவரும் என்ன செய்ய வேண்டும்?”

போதாது. இதயத்துக்கும் சர்க்கரை அளவுக்கும் மனதுக்கும் நடை நல்லது, அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் முதுகெலும்பின் அடர்த்தியை நடை ஏற்றுவதில்லை. இடுப்பில் தேய்மானத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். நடக்கப் பழகிய நாளிலிருந்து உங்கள் எலும்பு அந்தச் சுமையைச் சுமந்துகொண்டே இருக்கிறது. அதற்கு எவ்வளவு உறுதி தேவையோ அவ்வளவையும் எப்போதோ கட்டி முடித்துவிட்டது. பழகிய சுமைக்காக மேலும் கட்டுவதற்கு அதற்கு ஒரு காரணமும் இல்லை.

எலும்பு ஓயாமல் இடித்துக் கட்டப்படும் ஒன்று. பெரியவர்களின் எலும்பில் வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. ஓர் இடத்தை அரித்தெடுக்கச் சில வாரங்கள் போதும், அந்தக் குழியை நிரப்ப மூன்று நான்கு மாதங்கள் ஆகும். இடிப்பது சீக்கிரம், கட்டுவது தாமதம். எங்கே கட்டுவது என்று சொல்பவை எலும்புக்குள் புதைந்து கிடக்கும் ஆஸ்டியோசைட் என்ற செல்கள். சுமை விழும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அப்போது அந்தச் செல்களைச் சுற்றியுள்ள நுண்குழாய்களில் திரவம் நகர்கிறது, அந்த நகர்வைத்தான் அவை உணர்கின்றன. மெல்ல வளைந்தால் திரவமும் மெல்ல நகரும், செல்கள் பொருட்படுத்தாது. சட்டென்று, வழக்கத்தைவிட அதிகமாக வளைந்தால் உடனே தகவல் போகும்.

இன்னொரு குணமும் உண்டு. இந்தச் செல்கள் சீக்கிரம் மரத்துப் போய்விடும். 1984இல் ரூபினும் லான்யனும் சேவல்களின் இறக்கை எலும்பில் செய்த சோதனையில், ஒரு நாளைக்கு 36 முறை கொடுத்த சுமைக்குக் கிடைத்த வளர்ச்சியைவிட, 1,800 முறை கொடுத்தபோது கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. பிறகு எலிகளில் செய்த சோதனைகள் அடுத்த பாதியைக் காட்டின: அதே 360 சுமைகளை ஒரே மூச்சில் கொடுப்பதைவிட, மணிக்கணக்கில் இடைவெளி விட்டு 90, 90 ஆக நான்கு தவணைகளில் கொடுத்தால் பலன் அதிகம். ஒரு மணி நேர நடையில் பல ஆயிரம் அடிகள் விழுகின்றன. எலும்பைப் பொறுத்தவரை முதல் சில டஜன் அடிகளுக்குப் பிறகு மீதியெல்லாம் அது காதில் வாங்காத பேச்சு.

கடைசியாக ஒன்று. சுமை எந்த எலும்பில் விழுகிறதோ அந்த எலும்புதான் தேறும். டென்னிஸ் வீரர்களின் இரண்டு கைகளையும் ஒப்பிட்டால் இது பளிச்சென்று தெரியும். மட்டை பிடிக்கும் கையின் எலும்பு தடிமனாக இருக்கும், மற்ற கை சாதாரணமாக இருக்கும். உணவு, ஹார்மோன், பரம்பரை எல்லாம் இரண்டு கைக்கும் ஒன்றுதானே. நீச்சலும் சைக்கிளும் எலும்புக்கு ஏன் உதவுவதில்லை என்பதும் இதிலேயே அடக்கம். நீரும் இருக்கையும் உடல் எடையைத் தாங்கிக்கொள்கின்றன. வருடக்கணக்கில் பந்தய சைக்கிள் ஓட்டுபவர்களிடம் முதுகெலும்பு அடர்த்தி குறைந்தே காணப்படுகிறது.

இனி உங்கள் விஷயம்.

ஈஸ்ட்ரோஜன், எலும்பை அரிக்கும் செல்களைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. கடைசி மாதவிடாய்க்குச் சுமார் ஒரு வருடம் முன்பே அந்தப் பிடி தளரத் தொடங்கி, அதன்பின் இரண்டு வருடம்வரை தேய்மானம் மிக வேகமாக இருக்கும். முதுகெலும்பில் வருடத்துக்கு 2 சதவீதம்வரை போகலாம், பிறகு வேகம் குறையும். நீங்கள் இப்போது அந்தச் சரிவின் நடுவில் இருக்கிறீர்கள். உடற்பயிற்சியால் ஈஸ்ட்ரோஜனின் இடத்தை நிரப்ப முடியாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நல்ல பயிற்சியில் கிடைக்கும் ஏற்றம் ஒன்றிலிருந்து மூன்று சதவீதம். ஆனால் எல்லோருக்கும் இறங்கும் காலத்தில் உங்களுக்கு இறங்காமல் நிற்பதே பெரிய லாபம்.

எந்தப் பயிற்சி என்பதற்கு இன்று கையில் இருக்கும் நல்ல சான்று, ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் பெலிண்டா பெக் குழு நடத்தி 2018இல் வெளியான லிஃப்ட்மோர் ஆய்வு. எலும்பு அடர்த்தி குறைந்த, 58 வயதைத் தாண்டிய 101 பெண்கள் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவினர் வாரம் இரண்டு முறை, முறைக்கு 30 நிமிடம், மேற்பார்வையில் கனமான எடை தூக்கினார்கள்: டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் எடையைத் தூக்கி நிமிர்வது), ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது), தலைக்கு மேல் எடையை உயர்த்துவது, கூடவே கம்பியைப் பிடித்து எம்பித் தொப்பென்று குதித்து இறங்குவது. ஒவ்வொன்றும் ஐந்து செட், செட்டுக்கு ஐந்து முறை, ஒருமுறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 80 முதல் 85 சதவீதம். மற்ற பிரிவினர் வீட்டிலேயே லேசான பயிற்சி செய்தார்கள். எட்டு மாத முடிவில் கீழ்முதுகின் அடர்த்தி முதல் பிரிவில் 2.9 சதவீதம் ஏறியிருந்தது, இரண்டாவதில் 1.2 சதவீதம் இறங்கியிருந்தது. கனமான எடை இந்த வயதில் எலும்பை உடைத்துவிடும் என்ற பயத்தால் ஒன்றரைக் கிலோ டம்பெல்லைக் கையில் கொடுத்து அனுப்பும் வழக்கத்துக்கு அந்த ஆய்வு நல்ல பதில்.

ஆனால் நாளைக்கே போய்க் கனத்தைத் தூக்காதீர்கள். இளமையில் இருந்த உயரத்தில் 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தாலோ, திடீரென்று நடுமுதுகில் வலி வந்து போயிருந்தாலோ, முதலில் முதுகெலும்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். முதுகெலும்பு நசுங்குவதில் மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் தெரியாமலேயே நடக்கிறது. அப்படி ஏதும் இல்லையென்றால், எடைப் பயிற்சி தெரிந்த ஃபிசியோதெரபிஸ்ட் அல்லது பயிற்சியாளரிடம் போய், முதல் நான்கு முதல் எட்டு வாரம் லேசான எடையில் அசைவை மட்டும் பழகுங்கள்.

பழக வேண்டியதில் முக்கியமானது இடுப்பில் மடங்குவது. ஒரு துடைப்பக் குச்சியை முதுகோடு நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்மண்டை, இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே, பிட்டத்துக்கு மேலே தட்டையாகத் தட்டுப்படும் எலும்பு, இந்த மூன்று இடத்திலும் குச்சி தொட வேண்டும். முழங்காலை லேசாகத் தளர்த்தி, பின்னால் இருக்கும் கதவைப் பிட்டத்தாலேயே தள்ளிச் சாத்துவதுபோல் இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். உடம்பு தானாக முன்னால் சாயும், தொடையின் பின்பக்கம் இழுக்கும். மூன்றில் ஓர் இடம் குச்சியை விட்டு விலகினாலும் இடுப்புக்குப் பதில் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். இது கைவந்தால் டெட்லிஃப்ட் பாதி வந்த மாதிரி. தரையில் கிடக்கும் வாளியைத் தூக்குவதும் இனி இதே அசைவில்தான்.

அதற்குப் பிறகு எடையை ஏற்றுங்கள். ஐந்து முறை தூக்கி முடித்தபின் இன்னும் ஒன்றிரண்டு முறைதான் முடியும் என்று தோன்றும் எடைதான் சரியான எடை. பத்து முறை சுலபமாக வந்தால் அது எலும்புக்குப் போதாது. செட்டுகளுக்கு இடையே இரண்டு மூன்று நிமிடம் உட்காருங்கள். வாரம் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி. குதிப்பதற்கு: கால் விரல்களில் உயர்ந்து நின்று, குதிகால் தரையில் ‘டக்’ என்று விழும்படி இறங்குவதில் தொடங்குங்கள், பத்து பத்தாக மூன்று செட். மூன்று நான்கு வாரத்தில் இரண்டு காலால் சின்னக் குதியலுக்கு மாறலாம். சாதாரண நடையில் ஒரு காலில் விழும் விசை உடல் எடைக்குச் சற்றே அதிகம், குதித்து இறங்கும்போது அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் குதிப்பதை விட்டுவிட்டு எடையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். குதிக்கும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட்டுப் பயிற்சியையே கைவிடாதீர்கள். இடுப்புத்தளத் தசைகளுக்கென்று தனிப் பயிற்சி உண்டு, ஃபிசியோதெரபிஸ்டிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

எங்கே தவறு நடக்கிறது? பெரும்பாலும் மூன்று மாதத்துக்குப் பிறகும் முதல் மாத எடையையே தூக்குவதில். எலும்பு அதற்கும் பழகிவிடும், நடைக்குப் பழகியதைப் போலவே. இரண்டாவது தவறு, நிறுத்திவிடுவது. இந்த வயதில் ஏற்றிய அடர்த்தி, பயிற்சி நின்றால் மெல்லக் கரைந்துபோகும். மூன்றாவது, முதுகெலும்பு ஏற்கெனவே மெலிந்தவர்கள் வயிற்றுத் தசைக்காக மல்லாந்து படுத்து எழும் பயிற்சியையும், நின்றபடி கால்விரலைத் தொடும் பயிற்சியையும் செய்வது. குனியும்போது முதுகெலும்பின் முன்பக்க விளிம்பில்தான் முழுச் சுமையும் விழும், நசுங்குவதும் அங்கேதான். 1984இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், முதுகைப் பின்னுக்கு நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குப் புதிய நசுங்கல் வந்தது. முன்னால் வளையும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் அது 89 சதவீதம். ஆய்வில் இருந்தவர்கள் 59 பேர்தான், ஆனாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் புறக்கணிக்க முடியாது.

ஸ்கேன் எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டி ஸ்கோர் என்பது இளம் வயதினரின் சராசரியிலிருந்து நீங்கள் எத்தனை படி கீழே என்ற கணக்கு. 1994இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்தபடி மைனஸ் 1 வரை இயல்பு, மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழ் எலும்புப்புரை. நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். ஒரு படி இறங்கினால் முறியும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகும், இடுப்பில் அதற்கும் மேல். ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து ஆபத்தை அளக்க முடியாது. முறிவு ஏற்படுபவர்களில் பெரும்பாலோரின் ஸ்கோர் மைனஸ் 2.5க்கு மேலேதான் இருக்கிறது, அந்தப் பிரிவில்தான் ஆட்கள் அதிகம் என்பதால். 51 வயதில் மைனஸ் 1.9 வேறு, 76 வயதில் மைனஸ் 1.9 வேறு. அதனால்தான் வயது, எடை, பழைய முறிவு, பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா, புகைப்பழக்கம், ஸ்டீராய்டு மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்து, அடுத்த 10 வருட ஆபத்தைக் கணக்கிடும் ஃப்ராக்ஸ் என்ற முறையை 2008இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். மருத்துவரிடம் அந்தக் கணக்கைக் கேளுங்கள். அடுத்த ஸ்கேனை ஆறு மாதத்தில் எடுத்துப் பதற வேண்டாம். மூன்று நான்கு சதவீதத்துக்குக் குறைவான மாற்றம் இயந்திரத்தின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். ஒன்றரை இரண்டு வருடம் கழித்து, முடிந்தால் அதே இயந்திரத்தில் எடுங்கள்.

மகளுக்கு வருகிறேன். வீட்டில் மூவரில் இப்போது அதிகம் சம்பாதிக்கக்கூடியவள் அவள்தான். வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் இரண்டு வருடங்களில், பெண்களுக்கு 12, 13 வயதையொட்டி, ஆண்களுக்கு 14 வயதையொட்டி, முழு வாழ்நாளுக்கான எலும்புத் தாதுவில் சுமார் கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. வளர்ந்து பெரியவரான பிறகு வாழ்நாள் முழுவதும் இழப்பது எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. அந்த வயதில் போட்ட சுமைக்கு எலும்பு அடர்த்தியாவதோடு அகலமாகவும் ஆகிறது. குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு வளைவதற்குக் கடினம், அந்த அகலம் பிற்காலத்திலும் ஓரளவு தங்கும். டென்னிஸை முதல் மாதவிடாய்க்கு முன்பே தொடங்கியவர்களுக்கு இரு கைகளுக்கும் உள்ள வித்தியாசம், பிறகு தொடங்கியவர்களைப் போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் இருந்தது.

அவளுக்கு ஜிம் தேவையில்லை. குதிக்கும், திசை திருப்பி ஓடும், திடீரென்று நிற்கும் விளையாட்டு எதுவும் சரி: கூடைப்பந்து, கைப்பந்து, கால்பந்து, கயிறு தாண்டுதல், ஜிம்னாஸ்டிக்ஸ். நேர்கோட்டில் நீண்ட தூரம் ஓடுவதைவிட இவை எலும்புக்கு மேல், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் சுமை புதுத் திசையில் வருகிறது. அமெரிக்காவில் ஓர் ஆய்வில், பருவமடையாத குழந்தைகள் 61 சென்டிமீட்டர் உயரப் பெட்டியிலிருந்து ஒரு முறைக்கு 100 குதி, வாரம் மூன்று நாள், ஏழு மாதம் குதித்தார்கள். இடுப்பிலும் முதுகிலும் எலும்புத் தாது, குதிக்காதவர்களைவிடத் தெளிவாகக் கூடியது. வீட்டில் அவ்வளவு உயரம் வேண்டாம். ஒரு படிக்கட்டு உயரத்திலிருந்து பத்துப் பத்தாக, காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று குதித்தாலே நல்ல தொடக்கம்.

இந்த வயதில் மணிக்கட்டு முறிந்தால் உடனே எலும்பு பலவீனம் என்று முடிவு கட்டாதீர்கள். எலும்பு நீளும் வேகத்துக்குத் தாது சேர்வது சற்றுப் பின்தங்கும், அந்த இடைவெளியில் கீழே விழுந்தால் கை முறிவது சகஜம். அஞ்ச வேண்டியது வேறு ஒன்றுக்கு: தீவிரமாகப் பயிற்சி செய்யும் பெண் பிள்ளைகள் போதுமான அளவு சாப்பிடாமல் இருப்பது. செலவுக்கேற்ற உணவு இல்லையென்றால் உடல் முதலில் கைவைப்பது மாதவிடாயில், அடுத்தது எலும்பில். வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் வராமல் போனாலோ, கணுக்காலுக்கு மேலே எலும்பின் ஒரே புள்ளியில் ஓடும்போது வலி வந்து நாளாக ஆக ஓய்விலும் நீடித்தாலோ, பயிற்சியாளர் என்ன சொன்னாலும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். அந்த வலி அழுத்த முறிவாக, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் வரும் விரிசலாக, இருக்கலாம்.

கால்சியம்: மகளுக்கு நாளொன்றுக்கு 1,300 மில்லிகிராம், உங்களுக்கும் அம்மாவுக்கும் 1,200. உணவில் வருவதைக் கணக்கிட்டுவிட்டு, குறைவதை மட்டும் மாத்திரையில் எடுங்கள், ஒரு வேளைக்கு 500க்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் உடல் சரியாக உறிஞ்சாது. வைட்டமின் டி குறைபாடு இருந்தால் சரிசெய்தே ஆக வேண்டும். குறைபாடு இல்லாதவர்கள் அதிகமாக விழுங்குவதால் முறிவு குறையவில்லை என்று 2022இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது.

மூவரில் எனக்குக் கவலை தருவது அம்மாதான். நின்ற உயரத்திலிருந்து விழுந்து ஓர் எலும்பு முறிந்தால், அடுத்த முறிவுக்கான ஆபத்து அடுத்த இரண்டு வருடங்களில்தான் மிக அதிகம். அவர் இப்போது அந்த இரண்டு வருடத்துக்குள் இருக்கிறார். கட்டைப் பிரித்து, கை சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. அவருக்கு டெக்ஸா எடுத்தார்களா, எலும்புக்கான மருந்து பற்றிப் பேசினார்களா என்று விசாரியுங்கள். இந்த நிலையில் மருந்தின் இடத்தை உடற்பயிற்சியால் பிடிக்க முடியாது. எலும்பு அரிப்பைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை ஆரம்பித்தால், மருத்துவரைக் கேட்காமல் ஒரு தவணையும் தள்ளிப்போடாதீர்கள். மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினால் தேய்மானம் வேகமாகத் திரும்பி வந்து முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கலாம்.

76 வயதில் அடர்த்தியை ஒன்றிரண்டு சதவீதம் ஏற்றுவதைவிட, விழாமல் பார்த்துக்கொள்வதில்தான் அதிகம் இருக்கிறது. இடுப்பு முறிவுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் விழுவதால் வருபவை. அதிலும் பக்கவாட்டில் சாய்ந்து இடுப்பின் மேல் விழுந்தால் முறியும் வாய்ப்பு பல மடங்கு. “அம்மா, நீங்களும் என்னோடு வேகமாக நடங்கள்” என்று அழைத்துப் போக ஆசையாக இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். 1997இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், உங்கள் அம்மாவைப் போலவே கை முறிந்த பெண்களை வேகமாக நடக்கச் சொன்னார்கள். நடந்த பிரிவினர் மற்றவர்களைவிட அதிகமாகத்தான் விழுந்தார்கள். முதலில் சமநிலையும் கால் பலமும், அப்புறம் வேக நடை.

சமையல் மேடை ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரலைத் தொடும்படி ஒரே கோட்டில் வைத்து 10 விநாடி. முதலில் இரண்டு கையும் மேடையில், பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல், பிறகு கை மேடைக்கு மேலே தொடாமல். அது சுலபமானால் ஒற்றைக் காலில் 10 விநாடி. பக்கவாட்டு நடை, பின்னோக்கிய நடை. உடம்பு லேசாகத் தள்ளாட வேண்டும், விழக்கூடாது. துளியும் தள்ளாடவில்லையென்றால் அந்தப் படியால் இனி பயனில்லை, அடுத்ததற்குப் போங்கள். கூடவே நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது: எழும்போது வேகமாக, உட்காரும்போது மூன்று எண்ணும் அளவுக்கு மெதுவாக. வயதானால் பலத்தைவிடச் சீக்கிரம் போவது வேகம். தடுக்கியபின் காலை முன்னால் வைத்துத் தப்பிக்க அரை விநாடிதான் இருக்கிறது. எட்டு முறையில் தொடங்கி, மூன்று செட். இதையெல்லாம் சேர்த்து வாரத்துக்கு மூன்று மணி நேரம் இலக்கு. இத்தகைய பயிற்சிகளால் முதியோர் விழுவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைகிறது.

மருந்துப் பெட்டியையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, இரவில் அடிக்கடி எழுப்பும் மாத்திரை, இவை மூன்றும் விழுவதற்குப் பின்னால் அடிக்கடி இருக்கும். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கண்புரையைத் தள்ளிப்போட வேண்டாம். குதிகால் பிடிக்காத செருப்பு, கழிப்பறைக்குப் போகும் வழியில் இருட்டு, இவையிரண்டையும் இன்றே சரிசெய்யலாம்.

தரையிலிருந்து எழுவதையும் பழக்கிவிடுங்கள், பக்கத்தில் உறுதியான நாற்காலி இருக்கட்டும். ஒருக்களித்துத் திரும்பி, முழங்கையை ஊன்றி, நான்கு காலில் வந்து, நாற்காலியின் இருக்கையில் இரண்டு கையையும் வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி எழ வேண்டும். மணிக்கட்டில் வலி இருந்தால் உள்ளங்கைக்குப் பதில் முன்கையை இருக்கையில் வைக்கலாம். முதல் சில முறை நீங்கள் அருகில் இருங்கள், ஆனால் அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். அவராகவே எழும்வரை காத்திருங்கள்.